கேஷிகாவுக்குத் தீட்டுக் கழியவில்லை

என் பேத்திக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. என்ன பேர் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் 'கேஷிகாவின் குழந்தை' என்று எழுதியிருக்கிறது. நிறுத்துப் பார்க்க வரும் மிட்வைஃப் நோனா 'பேபி' என்கிறார். நாங்கள் 'பாப்பா' என்கிறோம். எப்படிக் கூப்பிட்டாலும் அவள் சிரிக்கிறாள். சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. எங்கள் வழியில் யாருக்கும் கன்னத்தில் குழி கிடையாது. எங்கிருந்து வந்தது இது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் மனைவி ராசம்மா சொல்கிறாள். அது உண்மைதான். ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது அவளைப் பெற்ற என் மகள் கேஷிகாவைப் பற்றி.

நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் ராகலைக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து இறங்கிய அன்று, கேஷிகா உள் காம்பராவில் பாயில் சாய்ந்தாள். தூங்கினாள். தகரத்தில் மழை அடித்தது. பக்கத்து வீட்டு ரேடியோ பாடியது. நாய்கள் சண்டை போட்டன. அவள் அசையவில்லை. பாப்பா அழுதால் நான் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பேன். கண்ணைத் திறக்காமலே பால் கொடுப்பாள். சத்தம் அடங்கியதும் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இத்தனை தூக்கத்தை இந்தப் பெண் எங்கே சேர்த்து வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொள்வேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கேஷிகா ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போனவள். நான் அப்போது தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறபோது சரிவில் விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். ராசம்மா பறிக்கிற கொழுந்தில் வீடு ஓடவில்லை. அங்கே கேஷிகாவுக்குச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிற வேலை. கை தைக்கிறவள் வேறு, பொத்தான் வைக்கிறவள் வேறு. முழுச் சட்டையை அவள் தைத்ததே கிடையாது. ஊருக்கு வந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத்தான் பார்ப்பாள்.

"அப்பா, ஒங்க காலர் கோணலா இருக்கு. யாரு தச்சது?" என்பாள்.

"கடையில வாங்குனதும்மா."

"எவளோ தூங்கிக்கிட்டே தச்சிருக்கா, பாவம்."

தலைக்கு மேலே ஒரு பலகையில், இந்நேரத்துக்கு இவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்று சிவப்பு எண் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒன்றுக்குப் போனால் எண் பின்தங்கிவிடும் என்று அந்தப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். பெட்ரோலுக்குக் கியூ நின்ற வருஷம் ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "கொஞ்ச நாளைக்குத் தூங்கலாம்பா" என்றாள்.

தூங்கக் கிடைக்கவில்லை. அந்த வருஷந்தான் எங்கள் தோட்டத்தில் மரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு தேயிலை மரம், நீங்களே புல் வெட்டுங்கள், நீங்களே உரம் போடுங்கள், கொழுந்தைப் பறித்து மடுவத்தில் நிறுத்துக் கொடுங்கள், நிறைக்குக் காசு என்றார்கள். முன்பு சங்கு ஊதினால் வேலை முடிந்தது. பிள்ளை பெற்றால் லீவு இருந்தது. இப்போது மரம் உங்களுடையதுதானே என்கிறார்கள். சொந்த மரத்திடம் யார் போய் லீவு கேட்பது? ராசம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று அவள் பேரை எடுத்துவிட்டார்கள். அதனால் மரம் கேஷிகா பேரில் வந்தது. நாங்கள் இருக்கிற காம்பராவும் அந்தப் பேரில்தான் நிற்கிறது. மரம் போனால் காம்பராவும் போகும்.

இடையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை விஜிதரன் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். நல்ல பிள்ளை. அவரும் பாதித் தூக்கத்தில்தான் பேசுவார். கேஷிகா வயிற்றைத் தள்ளிக்கொண்டு மலைக்குப் போனாள். வந்து லயத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள். வலி எடுத்த அன்றும் கொழுந்துப் பையை மடுவத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தோராம் நாள் வரைக்கும் தீட்டு. அடுப்பைத் தொடக் கூடாது. பீலியில் போய்த் தண்ணீர் பிடிக்கக் கூடாது. தேயிலை மலையில் கால் வைக்கவே கூடாது. மலைக்கு நடுவில் கல்லாக நிற்கிற சாமிக்கு ஆகாது. முப்பத்தொன்றுக்கு வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தாயும் பிள்ளையும் தலை முழுகி, தாத்தன் பிள்ளையின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னால் தீட்டுக் கழிந்தது. மறுநாளிலிருந்து அவளும் எல்லாரையும் போல வேலைக்குப் போகலாம்.

காதில் பேர் சொல்வது என் வேலை. விறகு பொறுக்கப் போகிற இடத்தில் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ராகலையில் கறுப்பு வளையலும் பூப்போட்ட ஒரு சட்டையும் வாங்கி வைத்திருந்தேன். பூசாரி அழகன் நாளைப் பார்த்து, காலை நேரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் அன்றைக்கு லீவு சொல்லியிருந்தார்.

அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் கேஷிகா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா."

"என்னம்மா, தேத்தண்ணி ஊத்தவா?"

"தீட்டுக் கழிக்க வேணாம்பா."

எனக்கு விளங்கவில்லை. "பூசாரி பாத்துத்தானே நாளு சொன்னாரு. நல்ல நாளும்மா" என்றேன்.

"நாளு நல்லாத்தான் இருக்கும். நாந்தான் நல்லா இல்ல."

"மேலுக்கு முடியலையா? டொக்டர்கிட்ட போவமா?"

"டொக்டர்கிட்ட என்னான்னு சொல்றது? காச்சல் இல்ல. வலி இல்ல. எந்திரிக்கணும்னு நெனச்சாலே அழுக வருது. பாப்பாவத் தூக்கக்கூட கை வர மாட்டேங்குது." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தீட்டு இருக்கங்காட்டியும் யாரும் என்னய எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. ஸ்கூல் விட்டதுலருந்து இந்த ஒரு மாசந்தாம்பா யாரும் என்னய எந்திரின்னு சொல்லல. இன்னுங் கொஞ்ச நாளைக்கு அப்படியே விட்டுருங்க."

ராசம்மா மலையிலிருந்து வந்து வாசலில் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள்தான் தனியாகப் பறித்துக்கொண்டிருந்தாள். மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. சின்ன வயதிலிருந்து கூடை தூக்கி, பை தூக்கி, அந்தக் கை நின்றுபோய்விட்டது. தலையிலிருந்து பைக் கயிற்றை நான்தான் எடுத்து விட்டேன்.

"நல்லாருக்கு" என்றாள் ராசம்மா. "ஒருத்தி தீட்டப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துக்குவா. நானு எந்தத் தீட்டுல போயி ஒக்காரட்டும்? எனக்குத்தான் எல்லாத் தீட்டும் நின்னு போச்சே."

பாப்பா ஏதோ சத்தம் போட்டாள். ராசம்மா கையைக் கழுவிவிட்டு, பூண்டும் மிளகும் வைத்து அரைத்த காய மருந்தை உருட்டி மகளிடம் நீட்டினாள்.

"இந்தா, முழுங்கு. காயம் சாப்புடாம படுத்துக் கெடந்தா ஒடம்பு ஊதிரும்."

அதைத்தான் அவள் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசாரியிடம் போனேன். அழகன் கோயில் வாசலில் உட்கார்ந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளு சரியில்லன்னு சொல்லணும் பூசாரி" என்றேன்.

"நல்ல நாளுன்னு நாந்தானேய்யா சொன்னேன்?"

"இப்ப கெட்ட நாளுன்னு சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா ஆண்டியப்பா, பேத்தி பொறந்த சந்தோசத்துல புத்தி கலங்கிருச்சா? ஊருல இருக்கவன் எல்லாம் தீட்டக் கழிக்கத்தான் எங்கிட்ட வருவான். நீட்டிக் குடுங்கன்னு வந்தவன் நீதான்."

நான் கேஷிகா சொன்னதைச் சொன்னேன். விளக்கைக் கீழே வைத்தார். அவர் மகளும் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள்.

"சரி. அமாவாசை கழியட்டும்னு சொல்லிர்றேன். ஆனா சாமிகிட்ட லீவு வாங்கிக் குடுத்தா கண்டாக்கையாகிட்ட யாரு வாங்கிக் குடுக்கறது?"

லயத்தில் செய்தி பரவியது. பக்கத்து வீட்டுப் பூரணி பீலியில் வைத்துக் கேட்டாளாம்: "ஏ ராசம்மாக்கா, ஒங்க மகளுக்குத் தீட்டு ராகலையிலருந்து கொழும்பு மட்டும் நீளுதாமே? என்னயும் கொஞ்சம் வந்து தொட்டுட்டுப் போகச் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்களாம். ராசம்மா வந்து சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு, "அவ வெளையாட்டுக்குச் சொல்லலங்க. கண்ணப் பாத்தேன்" என்றாள்.

விஜிதரன் சொன்ன நாளில் வந்துவிட்டார். லீவை மாற்ற முடியாதாம். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, பாப்பாவை முதல்முறையாகக் கையில் வாங்கினார். கன்னக் குழியைக் காட்டினேன். "எங்க அம்மாவுக்கு இருந்துச்சு மாமா" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தாலும் வழி தெரிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். ரொட்டியும் சம்பலும் வைத்தோம். பாப்பாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு கேஷிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாசலில் நின்று பார்த்தேன். மூன்று பேரும் தூங்கினார்கள். பேச வேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். மத்தியானம் நான்தான் எழுப்பினேன், பஸ் போய்விடும் என்று.

செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "பொண்டாட்டி புள்ள பெத்தா புருசனுக்கும் தீட்டு உண்டுதானே மாமா?"

"உண்டு, மாப்புள."

"கொழும்புல அது யாருக்கும் தெரியாது" என்று சிரித்தார். கேஷிகாவிடம், "நீ படு. நான் இன்னும் ரெண்டு ஓட்டம் கூட ஓடுறேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு, "பாத்தீங்களாப்பா, அவரு கண்ணுக்குக் கீழ எப்படிக் கறுத்திருக்குன்னு? நான் ஒருத்தி படுத்திருக்கறதுக்கு எத்தன பேரு ஓடணும்" என்றாள்.

தேயிலை மரத்துக்குத் தீட்டுத் தெரியாது. முறைக்குப் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலையை மடுவத்தில் எடுக்க மாட்டார்கள். ராசம்மா ஒரு கையால் பறித்து ஒரு மூலையை முடிப்பதற்குள் மறு மூலை வளர்ந்து நின்றது. நானும் போனேன். கத்தி பிடித்த கைக்குக் கொழுந்து பிடிபடவில்லை; இலையையும் தண்டையும் சேர்த்துப் பிய்த்தேன். "நீங்க பறிக்கறதுக்கு ஆட்ட அவுத்து விட்டுருக்கலாம்" என்று ராசம்மா என்னை வீட்டுக்கு விரட்டினாள். பாப்பாவைப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது.

மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா லயத்துக்கே வந்தார். அவரும் தமிழர்தான். உள்ளே வரவில்லை, தீட்டு வீடு என்று வாசலுக்கு வெளியே நின்றார்.

"ஆண்டியப்பா, ஒங்க மரத்தப் பாத்தியா? காடா நிக்குது."

"மக பச்ச ஒடம்புக்காரிங்க. இன்னும் தீட்டுக் கழியல."

"எனக்குத் தெரியாதா? என் வீட்டுலயும் பொம்பளப் புள்ளங்க இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளு. மேல இருந்து கேக்குறாங்க. இந்த முறைக் கொழுந்து வரலன்னா மரத்த வேற குடும்பத்துக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. மரத்த மாத்துனா அந்தக் குடும்பத்துக்குக் காம்பராவும் குடுக்கணும். என் கையில ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நாளு தருவீங்க?"

"வர்ற நிறுவைக்குக் கொழுந்து வரணும்" என்று சொல்லிவிட்டு, தொட்டில் பக்கம் எட்டிப் பார்த்து, "பேரு என்ன?" என்று கேட்டார்.

"இன்னும் வைக்கலங்க."

உள்ளே கேஷிகாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழும்பிவிடுவாள் என்று பயம். எழும்பாவிட்டால் என்ன செய்வது என்றும் பயம்.

அடுத்த நாள் ராசம்மா பாதி நேரத்தில் திரும்பி வந்தாள். பை பாதிகூட நிறையவில்லை. தலைக் கயிற்றை எடுத்து விடப் போனேன், வேண்டாம் என்றாள். சுவரோடு சரிந்து, பையோடேயே தரையில் உட்கார்ந்தாள். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் வீங்கி, மடங்காமல் இருந்தன. நீவி விடப் போனேன். தொட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, எனக்கும் தீட்டுன்னு சொல்லிருங்க" என்றாள்.

"ஒனக்கு என்னாடி தீட்டு?"

"ஒரு வீட்டுல தீட்டுன்னா வீட்டுக்கே தீட்டுத்தான். நான் மட்டும் எப்படி மலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன்? அதான் சாமி கையப் புடிச்சுக்கிச்சு." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நானும் படுக்கறேங்க. மரம் போனாப் போகட்டும். ரோட்டுல படுத்தாலும் படுத்துருக்கலாம்ல."

அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். பகலில் படுக்கிறேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சலோடு மலைக்குப் போயிருக்கிறாள். அவளுடைய அம்மா செத்த வாரமே மலைக்குப் போயிருக்கிறாள். எங்கே போவோம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல், அவள் தலையிலிருந்து பைக் கயிற்றை எடுத்து விட்டேன். அன்றைக்கு நான்தான் அடுப்பில் சோறு வைத்தேன்.

விடிந்தபோது பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மாறிக் கேட்டது, யாரோ குளிக்கிற மாதிரி. கதவைத் திறந்து பார்த்தேன். பனியில் கேஷிகா நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டிருந்தாள். பூசாரி இல்லை. பெண்கள் யாரும் கூட இல்லை. குளிரில் உதடு நீலமாக இருந்தது.

"என்னம்மா இது? அமாவாசை கழியட்டும்னு சொல்லியிருக்கோம்ல?" என்றேன்.

"என் தீட்ட நானே கழிச்சிட்டேன்பா. வீட்டுத் தீட்டு அப்படியே இருக்கட்டும்."

உள்ளே வந்து தலையைத் துவட்டினாள். அம்மாவின் படங்கை எடுத்து இடுப்பில் கட்டினாள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். ராசம்மா எழும்பி உட்கார்ந்து, "ஏடி, படங்க அவுரு. நான் போறேன்" என்றாள்.

"கையத் தூக்கு பாப்போம்."

ராசம்மா தூக்கவில்லை.

கேஷிகா பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்தாள். அவளாக எழும்பிப் பாப்பாவைத் தூக்கியதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தான் படுத்திருந்த பாயில் அம்மாவைப் படுக்க வைத்து, பக்கத்தில் பிள்ளையை விட்டாள்.

"பேரு வைக்காத புள்ள பக்கத்துல படுத்தா ஒனக்குத் தீட்டு. அடுப்பத் தொடக் கூடாது. பீலிக்குப் போகக் கூடாது. மலைப் பக்கம் எட்டியே பாக்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றாள்.

"சாமி குத்தம்டி."

"இருந்தா என்னய வந்து கேக்கட்டும். நாந்தான் அது பக்கத்துலயே நிக்கப்போறேனே."

ராசம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். கேஷிகா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வெறுமையாக இருந்தது. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்பா, அம்மாவுக்குக் கை வீக்கம் இறங்குற வரைக்கும் பாப்பாவுக்குப் பேரு வைக்காதீங்க. வச்சிட்டா நாளைக்கே எந்திரிச்சு வந்துருவாங்க."

அப்படித்தான் அந்த நிறுவைக்குக் கொழுந்து போனது. மரம் இருக்கிறது. காம்பரா இருக்கிறது. அமாவாசையும் கழிந்துவிட்டது. பூசாரி இரண்டு முறை ஆள் அனுப்பினார். நாள் சரியில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். வளையலும் பூப்போட்ட சட்டையும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பாப்பா வளர்கிற வேகத்துக்கு அந்தச் சட்டை பத்துமோ என்னவோ. அவள் முகத்துக்கு நேரே குனியும்போதெல்லாம் அந்தப் பேர் என் வாய்வரைக்கும் வருகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

மத்தியானம் கேஷிகா பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருகிறாள். ஜாக்கெட் முன்பக்கம் நனைந்திருக்கும். மழையா பாலா என்று தெரியாது. கைகால் கழுவிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்குகிறாள். கண் சொருகுகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, சுவரில் இடித்து, விழித்துக்கொள்கிறாள். அவள் தூங்கட்டும் என்று நான் பேசாமல் இருப்பேன். அவளே எழும்பிவிடுகிறாள்.

நேற்றும் அப்படித்தான் எழும்பினாள். உள் காம்பராவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா எந்திரிச்சுட்டாங்களா?"

"இல்லம்மா. தூங்குறா."

"எழுப்பாதீங்க."

நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நின்றுகொண்டே குடித்தாள். பையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.